முன்மாதிரியே செய்யாத பட்டறைக்கு மெய்நிகர் முன்மாதிரி எதற்கு?

கேள்வி: கண்டிக்குப் பக்கத்தில், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். கண்காட்சி ஒன்றில், கணினியில் வரைந்த இடத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டை அணிந்து பார்த்துவிட்டு வந்ததிலிருந்து முதலாளி, "நாமும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போது கையில் இருக்கும் வேலை ஹட்டன் பக்கத்தில். பழைய தொழிற்சாலை ஒன்றின் மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளை மாற்றி, வாடிய கொழுந்து கீழே அதைச் சுருட்டும் ரோலர்களுக்கு இறங்க ஒரு கொன்வேயரும் சரிவும் வைக்க வேண்டும். ஹெட்செட் இருந்தால் மாதிரி செய்யும் செலவு மிஞ்சுமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மாதிரி செய்யும் செலவு மிஞ்சாது. நீங்கள்தான் மாதிரியே செய்வதில்லையே. மலையகத்தில் இந்த வேலை செய்யும் சிறு பட்டறைகளின் வழக்கம் நமக்குத் தெரியும். வரைகிறோம், தகடு வெட்டுகிறோம், லொறியில் ஏற்றுகிறோம், தொழிற்சாலைக்குப் போய்ப் பொருத்துகிறோம். தூண் இடித்தால் அங்கேயே காஸ் கட்டரை எடுக்கிறோம். முதல் இயந்திரம்தான் நமக்கு முன்மாதிரி. அதற்குப் பணம் கொடுப்பவர் வாடிக்கையாளர், திருத்தத்திற்குப் பணம் கொடுப்பவர் உங்கள் முதலாளி. ஆகவே ஹெட்செட்டின் விலையைப் பலகை, தகட்டின் விலையோடு ஒப்பிட வேண்டாம். மாடியில் நின்று வெட்டி ஒட்டிய நாட்களின் கூலியோடும், அந்த நாட்களில் தொட்டி ஓடாமல் தொழிற்சாலை இழந்ததோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு அப்போதுதான் பிடிபடும்.

பெரிய நிறுவனங்களின் கதை வேறு. போயிங் தன் 777 விமானத்தை முழுவதும் கணினியில் வரைந்து, பாகங்களைக் கணினிக்குள்ளேயே ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தது. அதற்கு முன்பெல்லாம் முழு அளவில் ஒரு பொம்மை விமானம் கட்டி, குழாயும் கம்பியும் எங்கே முட்டுகின்றன என்று பார்ப்பார்கள். 777இல் மூக்குப் பகுதிக்கு மட்டும் அப்படி ஒன்றைச் செய்தார்கள். கணினி சொன்னது சரியாக இருந்ததால் மற்றவற்றைக் கைவிட்டார்கள். 1994 ஜூனில் விமானம் பறந்தது. அது திரையில் பார்த்துச் செய்த வேலை. தலையில் கருவி மாட்டிச் செய்ததல்ல. ஃபோர்ட் நிறுவனம் அடுத்த படிக்குப் போனது. கார் பொருத்தும் வரிசையைக் கட்டுவதற்கு முன்பே ஒருவரை மெய்நிகர் உலகுக்குள் நிறுத்தி, அந்தப் பாகத்தைப் பூட்ட அவருடைய முதுகு எவ்வளவு வளைகிறது, கை எங்கே திணறுகிறது என்று பார்க்கத் தொடங்கியது. இவர்களுக்கு ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும். உங்களுக்கோ ஒவ்வொரு தொழிற்சாலையும் வேறு, ஒவ்வொரு மாடியும் வேறு, ஒரு வடிவம் இரண்டாம் தடவை வருவதே அபூர்வம். இதனால் வி.ஆர். நமக்குத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். ஒரேயொரு தடவை செய்யும் பொருளுக்கு மரத்தில் மாதிரி கட்ட யாரும் காசு தரப்போவதில்லை. செய்து பார்ப்பதற்கு முன் அதனுள் நின்று பார்க்க உங்களுக்கு இருக்கும் வழி இது ஒன்றுதான்.

ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பதில் தெளிவு வேண்டும். மனித உடம்பு அந்த இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு மட்டும் பதில் சொல்லும். கை எட்டுமா, தலை இடிக்குமா, நின்ற இடத்திலிருந்து கீழே ரோலர்காரர் கண்ணுக்குத் தெரிவாரா, கூடையோடு இருவர் ஒருவரையொருவர் கடக்கலாமா, பெயரிங்கை (தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பாகத்தை) கழற்றுவதற்கு முதலில் எந்தக் காப்பை (பாதுகாப்பு மூடியை) எடுக்க வேண்டும்: இவை அதனிடம் கேட்க வேண்டியவை. இரும்புச் சட்டகம் வளையுமா, விசிறியின் அழுத்தம் கொழுந்துப் படுக்கையைத் தாண்டுமா, மோட்டார் சூடேறுமா என்பவற்றை அதனிடம் கேட்பது வீண். பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் தேயிலையைச் சலிக்கும் இயந்திரம் ஒன்றை வையுங்கள். மெய்நிகர் உலகில் அது சாதுவாக நிற்கும். உண்மையில் அதன் அதிர்வெண்ணும் தளத்தின் இயல்பதிர்வும் ஒன்றாகிவிட்டால் ஜன்னல் கண்ணாடி பேச ஆரம்பிக்கும். அதற்குக் காகிதமும் கணக்கும்தான் வழி.

உங்கள் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். அகலம் ஏறத்தாழ 6 அடி. இரண்டு பக்கமும் நின்று கொழுந்தைப் பரப்பும் பெண்கள் நடுக்கோடு வரை, அதாவது 3 அடி தூரம், கையை நீட்ட வேண்டும். நிமிர்ந்து நின்று கையை மட்டும் நீட்டினால் அவ்வளவு எட்டாது; மீதியை இடுப்பு வளைந்துதான் ஈடுசெய்யும். புதிய விசிறிக்காக, கொழுந்துக்கு அடியில் காற்று நிறையும் காற்றறையின் உயரத்தை 4 அங்குலம் கூட்டினீர்கள் என்றால் விளிம்பு வயிற்றுக்கு மேலே ஏறி, வளைவது கடினமாகிவிடும். கணினித் திரையில் இது யார் கண்ணிலும் படாது. திரையில் எந்தத் தொட்டியும் ஒரு சாண்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்ற கணத்திலேயே புரிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மெய்நிகர் தொட்டியின் விளிம்பு உங்கள் வயிற்றைத் தடுக்காது. உடம்பு விளிம்புக்குள்ளாகப் புகுந்து போகும். "எட்டுகிறது" என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிடுவீர்கள். சாய்ந்து ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லாததால் சிலர் முன்னே விழுந்தும்விடுவார்கள். ஆகவே ஒட்டுப்பலகையில் ஒரு விளிம்பு மட்டும் செய்து, சரியான உயரத்தில் இரண்டு முக்காலியின் மேல் இறுக்கி வையுங்கள். மெய்நிகர் தொட்டியின் விளிம்பும் இந்தப் பலகையும் ஒரே இடத்தில் வருமாறு மாதிரியை நகர்த்தி நிறுத்துங்கள். கண்ணுக்கு முழுத் தொட்டி, வயிற்றுக்கு உண்மையான விளிம்பு. கார் நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன: இருக்கையும் சுக்கானும் உண்மையானவை, சுற்றிலும் உள்ள கார் கணினியில். எனக்குத் தெரிந்தவரை, செலவழிக்கும் காசுக்கு இதைவிட அதிகம் பயன் தரும் தந்திரம் இந்தத் துறையில் இல்லை.

பராமரிப்பு வேலைகளில் இன்னொரு ஏமாற்று உண்டு. சாதாரண ஹெட்செட்டுக்குத் தலையும் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன என்றுதான் தெரியும். முழங்கையும் தோளும் எங்கே என்று அது ஊகிக்கிறது, அல்லது கவலைப்படுவதே இல்லை. கொன்வேயரின் தலைப்பக்கத்து பெயரிங்குக்குப் பின்னால் உங்கள் கை போய்ச் சேர்ந்துவிட்டது என்றால், முழங்கை சுவருக்குள் இருந்திருக்கலாம். ஸ்பேனரையும் மறக்கக் கூடாது. திறந்த வாய் ஸ்பேனரின் தலை 15 பாகை சாய்ந்திருப்பதால், அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 பாகை வீச்சிலேயே ஆறுபக்க நட்டைத் திருப்பிவிடலாம். அந்த 30 பாகைக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க, மாதிரிக்குள் ஸ்பேனரின் வடிவத்தையும் அதன் வீச்சையும் ஒரு விசிறி மட்டைபோல வரைந்து வைத்துவிடுங்கள். முட்டினால் சிவப்பாக மாறும்படி மென்பொருளில் அமைக்கவும் முடியும். கையுணர்வை நம்பாதீர்கள், நிறத்தை நம்புங்கள். எடையைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்: அங்கே 40 கிலோ கியர்ப்பெட்டியை ஒரு விரலால் தூக்கலாம்.

கண்ணும் முழுச் சாட்சி அல்ல. ஹெட்செட்டில் தூரங்கள் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றுகின்றன என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட விடயம். புதிய கருவிகளில் இது குறைந்திருக்கிறது, முற்றாகப் போய்விடவில்லை. எனவே "நெருக்கமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், உடனே மாதிரியை மாற்றாமல் அந்த இடைவெளியை அளந்து எழுதுங்கள். சின்ன எழுத்துகளும் அப்படியே. நல்ல கண்பார்வை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட் தருவது சுமார் 25. வெப்பமானியின் முள்ளை இந்தத் தூரத்திலிருந்து படிக்க முடியுமா என்ற கேள்விக்கு ஒரு தாளில் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிப் பார்ப்பதே நேர்மையான சோதனை.

கொழுந்து எப்படி இறங்கும் என்பதையும் அது காட்டாது. வாடிய கொழுந்து தண்ணீரைப்போல ஓடுவதில்லை, நெல்லைப்போல உருள்வதும் இல்லை. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சரிவின் வாயில் பாலம் கட்டி நின்றுவிடும். காலைக் கொழுந்து ஒரு மாதிரி, மழைநாள் கொழுந்து வேறு மாதிரி. கணினிப் படத்தில் பச்சைத் துகள்கள் அழகாகச் சரிந்து விழுவதை வாடிக்கையாளருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கினால், பிறகு தடியோடு ஓர் ஆளைச் சரிவின் பக்கத்தில் நிறுத்த வேண்டிவரும். சரிவுக்குப் பலகையில் ஒரு துண்டு செய்து, சாய்வை மாற்றி மாற்றி, அந்தத் தொழிற்சாலையிலேயே அன்றைய கொழுந்தைக் கொட்டிப் பாருங்கள். அரை நாள் வேலை. பலகையையும் கயிற்றையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். தெமோதரையில் ரயில் பாதை வளைந்து வந்து தன் நிலையத்தின் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறதே, அந்த யோசனை ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் வந்தது என்று நம் ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையோ புனைவோ, முன்மாதிரிக்கு மின்சாரம் கட்டாயமில்லை என்று நம்மவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இனி, யார் அதைத் தலையில் மாட்ட வேண்டும்? முதலாளியும் தோட்டத்துத் துரையும் மாட்டிக்கொண்டு வியப்பார்கள். வியக்கட்டும், ஐந்து நிமிடம். பிறகு கருவி போக வேண்டியது கொழுந்து பரப்பும் பெண்ணிடமும், ரோலரில் நிற்பவரிடமும், இரவில் பழுது வந்தால் எழுப்பப்படும் பிட்டரிடமும். அவர்களிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். துரையும் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரும் பக்கத்தில் நின்றால் "நன்றாக இருக்கிறது ஐயா" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வராது. வேலையைக் கொடுங்கள்: "இந்தப் பக்கத்திலிருந்து நடு வரைக்கும் பரப்புங்கள் அக்கா", "இந்தச் சங்கிலியைக் கழற்றுங்கள் அண்ணா". பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். கால் எங்கே வைக்கிறார், எதைப் பிடித்துக்கொள்ளத் தேடுகிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதில்தான் உங்களுக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. உயரத்தில் குறைந்தவர் ஒருவரையும் கூடியவர் ஒருவரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலைநாட்டு உடலளவு அட்டவணைகளை வைத்துத் தொட்டியின் உயரத்தைத் தீர்மானித்தால் தோட்டத்துப் பெண்களின் முதுகுதான் அதற்கு விலை கொடுக்கும். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் முழங்கை உயரத்தை நாடாவால் அளந்து எழுதிக்கொள்வது எந்த அட்டவணையையும்விட மேல்.

சில நடைமுறைச் சங்கடங்கள் உண்டு. கொண்டை போட்டிருப்பவருக்குப் பின்பக்கப் பட்டி உட்காராது. பட்டியை முதலில் தளர்த்திவிட்டு, கொண்டைக்கு மேலும் கீழுமாகப் போகும்படி சரிசெய்ய வேண்டும். கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ஒவ்வொருவருக்கும் திருத்தாவிட்டால் மங்கலாகத் தெரியும். அவர் தலைவலியோடு போய், "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். முதல் தடவை மாட்டுபவரை நாற்காலியில் உட்காரவையுங்கள். ஹெட்செட்டோடு வரும் கைப்பிடியின் குமிழை அழுத்தி மிதந்து போகும் வசதியைக் கொடுக்கவே கூடாது. கண் நகர்கிறது என்கிறது, காதின் உட்பகுதி நிற்கிறேன் என்கிறது. குமட்டல் அதனால்தான் வருகிறது. படம் தடங்கினாலும் அதே கதிதான். நொடிக்கு 90 படம் என்றால் ஒவ்வொன்றையும் வரையக் கணினிக்குக் கிடைப்பது 11 மில்லி செக்கன். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒருவரை உள்ளே வைத்திருக்க வேண்டாம். இன்னொன்று, வாட்டும் மாடியில் சுற்றிலும் ஜன்னல்கள். கருவியைக் கழற்றி, வில்லைகள் வெயிலைப் பார்க்கும்படி வைத்தால் அவை சூரிய ஒளியைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். நுவரெலியா வெயிலுக்கும் அந்தச் சக்தி உண்டு.

வரைபடத்தை மெய்நிகர் மாதிரியாக மாற்றுவதில்தான் உங்கள் நேரம் உண்மையில் கரையும். வரைபட மென்பொருள் வளைபரப்புகளைக் கணிதச் சமன்பாடாக வைத்திருக்கிறது. ஹெட்செட்டுக்கு எல்லாமே முக்கோணங்களாக வேண்டும். கணினியோடு இணைக்காமல் தனித்தியங்கும் ஹெட்செட்டுகள் ஒரே நேரத்தில் சில இலட்சம் முக்கோணங்களை, மிஞ்சினால் பத்து இலட்சம் அளவில், தடங்காமல் காட்டும். மரை வெட்டிய போல்ட் ஒன்றே ஆயிரக்கணக்கில் தின்றுவிடும், மரையை நீக்குங்கள். தொட்டியின் கம்பிவலையை ஒவ்வொரு கம்பியாக வரைந்திருந்தால் அங்கேயே எல்லாம் நின்றுவிடும். ஒரு தட்டையான தகட்டின் மேல் வலையின் படத்தை ஒட்டினால் போதும். உலர்த்தியின் துளைத் தகட்டுக்கும் இதே வைத்தியம். மோட்டாரின் உள்ளே இருப்பதெல்லாம் போகட்டும், வெளிக்கூடு மட்டும் இருக்கட்டும். அலகும் கவனம்: நீங்கள் மில்லிமீற்றரில் வரைந்ததை அந்தப்பக்கம் மீற்றராக எடுத்துக்கொண்டால் தொட்டி ஹட்டன் நகரை மூடும் அளவுக்கு நீளும். மாதிரிக்குள் எப்போதும் ஒரு மீற்றர் கோல் ஒன்றைப் போட்டு வையுங்கள். உள்ளே போனதும் முதலில் அதை உண்மையான நாடாவோடு ஒத்துப் பாருங்கள். மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம், 2020இல் வந்த 2.83 பதிப்பிலிருந்து அதில் ஹெட்செட்டை இணைத்து மாதிரிக்குள் சுற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது.

இயந்திரம் சரியாக இருந்து கட்டடம் பிழையாக இருந்தால் எல்லாம் வீண். நம் பக்கத்துப் பழைய தொழிற்சாலைகளின் வரைபடங்கள் அடி, அங்குலத்தில் இருக்கும், இருந்தால். தளம் நடுவில் தாழ்ந்திருக்கும், தூண்களுக்கு இடைப்பட்ட தூரம் ஒன்றுபோல் இருக்காது, இடையில் யாரோ ஒரு குழாயைக் கொண்டுபோயிருப்பார்கள். வசதி இருந்தால் லேசர் ஸ்கேனருக்கு ஆள் பிடியுங்கள். லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் வசதி) உள்ள கைத்தொலைபேசியால் எடுப்பது சில சென்ரிமீற்றர் வரை விலகும். நடைபாதைக்கும் தலை இடிப்பதற்கும் அது போதும். ஆணியடிக்கும் துளைக்கும் இணைப்பு விளிம்புக்கும் போதாது. அவற்றை நாடாவாலும் தூக்குநூலாலும் தனியே எடுத்து, மாதிரியில் திருத்துங்கள். சரிவுக்காக நீங்கள் தளத்தில் வெட்டப்போகும் ஓட்டையின் நான்கு மூலைகளையும் மேலிருந்தும் கீழிருந்தும் அளப்பது முக்கியம், கீழே ஓர் இரும்பு உத்தரம் எங்கே போகிறது என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. லொறி தோட்டத்துப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்புமா, கொன்வேயரின் துண்டு கதவுக்குள் போகுமா என்பதற்கெல்லாம் ஹெட்செட்டை எடுக்க வேண்டாம். அது தட்டையான தாளில் தீரும் கணக்கு.

காப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி போடச் சொல்கிறது. கொன்வேயரின் வால் உருளையில் பட்டி நுழையும் இடம் அப்படிப்பட்டது. அவசர நிறுத்து பொத்தான் எங்கே இருந்தால் மற்றக் கை சிக்கியிருக்கும்போது எட்டும் என்பதை மெய்நிகர் மாதிரியில் சோதித்துப் பார்க்கலாம். இதற்கு அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் காப்பின் துளைக்கும் ஆபத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை உள்ளே கைவிட்டுப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அதற்கு ஐ.எஸ்.ஓ. 13857 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. துளை 40 மில்லிமீற்றரைத் தாண்டி 120 வரை போனால், தோள் வரை கை நுழையும் என்று கொண்டு, 850 மில்லிமீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கை பருமனாக இருக்கலாம். பொருத்தப்போகும் இடத்தில் வேலை செய்பவரின் கை மெலிந்திருக்கும்.

வாங்குவதைப் பற்றி. 1968இல் ஐவன் சதர்லேண்ட் என்ற கணினி விஞ்ஞானி செய்த தலைக்கருவி பாரம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கியது. 1992இல் சிக்காகோவில் காட்டிய 'கேவ்', மெய்நிகர் உலகைச் சுவர்களில் காட்டும் ஒரு முழு அறை. இன்று அரைக் கிலோ எடையில், குவெஸ்ட் 3 2023இல் 499 டொலருக்கும், குவெஸ்ட் 3எஸ் 2024இல் 299 டொலருக்கும் வந்தன. இங்கே வந்து சேரும்போது வரியும் இடைத்தரகும் ஏறும். ஆனாலும் செலவில் பெரும் பங்கு கருவி அல்ல, மாதிரியைத் தயார் செய்யும் உங்கள் மணித்தியாலங்கள். உங்கள் முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள்: இந்த ஹட்டன் வேலைக்கு மட்டும் ஒன்றை இரவல் வாங்குவோம். பேராதனைப் பொறியியல் பீடத்திலோ பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு செயற்றிட்டத்துக்கு விடயம் தேடும் மாணவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உண்மையான இயந்திரம் வேண்டும், உங்களுக்குக் கருவியும் கையும் வேண்டும். தகடு வெட்டுவதற்கு முன் தொட்டியின் உயரம், கொன்வேயர் பெயரிங், பொத்தான் ஆகிய மூன்றையும் மட்டும் சோதியுங்கள். அதில் ஒன்றாவது வரைபடத்தை மாற்ற வைத்தால் வாங்கச் சொல்லுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அந்தக் காசில் நல்ல லேசர் அளவுமானி ஒன்று வாங்குவதே புத்தி.

வாடிக்கையாளருக்குக் காட்டும்போது ஒரு முன்னெச்சரிக்கை. மாதிரிக்குள் பார்த்ததை அவர்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சும்மா போட்ட பச்சை நிறத்தைக்கூட ஒப்படைக்கும் நாளில் கேட்பார்கள். எந்த மாதிரியைக் காட்டினோம், எந்தத் திகதியில், எந்த வரைபட இலக்கத்தோடு, எவை முடிவானவை, எவை வெறும் தோற்றம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே முற்பணத்தை வாங்குங்கள்.